சி மொழியில் சாக்கெட் வழியே தரவு அனுப்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி மொழியில் வலைப்பின்னல் நிரல் எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். நானும் அங்கேதான் விழுந்தேன். பிறகு என்னிடம் கற்க வந்தவர்களும் அதே கேள்விகளோடு வந்தார்கள். அவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். லினக்ஸில், இரு நிரல்கள் வலைப்பின்னல் வழியே பேசிக்கொள்ள உதவும் டிசிபி இணைப்பு ஒன்று ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இணைப்பில் நம் பக்க முனைதான் சாக்கெட். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்குக் கடைசிவரை ஒரே சொல்தான்: "வணக்கம்". இந்த ஒரு சொல்லைப் பழுதில்லாமல் மறுமுனையில் சேர்க்கத் தெரிந்தவருக்கு, ஒரு திரைப்படக் கோப்பை அனுப்புவதும் கடினமாக இருக்காது.

இணைப்பு கிடைத்துவிட்டது. ஒரு சொல்லை அனுப்ப என்ன எழுத வேண்டும்?

'சென்ட்' என்ற செயற்கூற்றை அழைக்க வேண்டும். அது நான்கு மதிப்புகளைக் கேட்கும்: சாக்கெட்டின் எண், தரவு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டி, எத்தனை பைட் என்ற அளவு, கடைசியாகச் சிறப்புக் குறிகள். சிறப்பாக எதுவும் வேண்டாமென்றால் கடைசி இடத்தில் 0 போதும். எத்தனை பைட் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற எண்ணை அது திருப்பித் தரும். பிழை என்றால் -1 தரும்.

இந்த அமைப்பு 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானதால் இன்றும் 'பெர்க்லி சாக்கெட்' என்கிறார்கள். சாக்கெட்டையும் ஒரு கோப்பைப் போலவே எண்ணால் அடையாளம் காட்டுவது அவர்கள் செய்த முடிவு. அதனால் கோப்பில் எழுதப் பயன்படும் 'ரைட்' இங்கேயும் வேலை செய்யும். ஆனால் சிறப்புக் குறிகளைக் கொடுக்கும் வசதி அதில் இல்லை. அந்தக் குறிகளில் ஒன்று நமக்குக் கட்டாயம் தேவைப்படும் என்பதால் 'சென்ட்' எழுதியே பழகுங்கள்.

அளவு என்று எதைக் கொடுப்பது? சைஸ்ஆஃப் கொடுக்கவா, எஸ்டிஆர்லென் கொடுக்கவா?

"வணக்கம்" என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்துகள்: வ, ண, க், க, ம். யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு என்பதால் அவை ஏழு குறியீடுகள் ஆகின்றன. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக மொத்தம் 21 பைட். எஸ்டிஆர்லென் உங்களுக்குத் தருவதும் 21தான். வலைப்பின்னலுக்கு எழுத்தும் தெரியாது, சொல்லும் தெரியாது. பைட் மட்டுமே தெரியும்.

சைஸ்ஆஃப் தருவது மாறியின் அளவை. 100 இடங்கள் உள்ள அணியில் இந்தச் சொல்லை வைத்து சைஸ்ஆஃப் கொடுத்தால் 100 பைட் போகும். சொல்லுக்குப் பின்னால் கிடக்கும் தேவையற்றதெல்லாம் கூடவே போய்ச் சேரும். சுட்டிக்கு சைஸ்ஆஃப் கொடுத்தால் இன்றைய 64 பிட் கணினியில் 8 கிடைக்கும். அப்போது மறுமுனைக்குப் போவது 'வ', 'ண', பிறகு 'க' என்ற எழுத்தின் மூன்றில் இரண்டு பங்கு. மாறாக, படம், ஒலி போன்ற தரவுக்கு எஸ்டிஆர்லென் உதவாது. முதல் சுழியத்தைக் கண்டதும் அது எண்ணுவதை நிறுத்திவிடும். அத்தகைய தரவின் அளவை நீங்களே ஒரு மாறியில் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

சொல்லின் முடிவைக் காட்டும் சுழிய பைட்டையும் அனுப்புவதா என்பது நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. அனுப்பாவிட்டால், பெறுகிற நிரல்தான் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் அதை மறந்துவிடுவதால் திரையில் குப்பை அச்சாவதை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன்.

'சென்ட்' 21 என்று தந்துவிட்டது. தரவு போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

'சென்ட்' செய்வது, உங்கள் தரவை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் பஃபரில், அதாவது தற்காலிக நினைவிடத்தில், படியெடுத்து வைப்பது மட்டுமே. கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதற்கு ஒப்பானது அது. பெட்டியிலிருந்து எடுப்பது, பாக்கெட்டாகப் பிரித்து அனுப்புவது, வழியில் தொலைந்ததை மீண்டும் அனுப்புவது எல்லாம் கெர்னல் பிறகு செய்யும் வேலை. மறுமுனைக் கணினி அந்த நேரம் மின்சாரமின்றி அணைந்து கிடந்தாலும் 'சென்ட்' 21 என்றே தரும்.

டிசிபியில் ஒப்புகை உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் அந்த ஒப்புகை வருவது மறுமுனையின் கெர்னலிடமிருந்து. அங்கே உள்ள நிரல் தரவைப் படித்ததா, கோப்பில் எழுதியதா, பாதியில் செத்துப்போனதா என்று அது சொல்லாது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை திரும்பி வந்தால் வீட்டில் யாரோ கையெழுத்திட்டார் என்றுதான் பொருள். உரியவர் பிரித்துப் படித்தார் என்று பொருளல்ல. பணம், மருந்து, தேர்வு மதிப்பெண் என்று தொலையக் கூடாத எதையாவது அனுப்பினால், "இந்த எண்ணுள்ள செய்தி கிடைத்தது, பதிந்துவிட்டேன்" என்று மறுமுனை நிரலே பதில் அனுப்பும்படி எழுதுங்கள். அந்தப் பதில் வரும்வரை உங்கள் பக்கத்தில் படியை அழிக்காதீர்கள். பதில் வராமல் மறுபடி அனுப்பினால் ஒரே செய்தி இருமுறை சேரக்கூடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் செய்திக்கு எண்.

1,00,000 பைட் கொடுத்தேன். அதைவிடக் குறைவான எண் திரும்பி வந்தது. பிழையா?

பிழையல்ல. பஃபரில் இருந்த இடத்துக்கு ஏற்ப கெர்னல் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது, மீதி உங்கள் பொறுப்பு. சாதாரணமாக, காத்திருக்கும் வகைச் சாக்கெட்டில் லினக்ஸ் முழுவதையும் எடுத்துக்கொள்ளும்வரை 'சென்ட்' திரும்பாது. ஆனால் நடுவில் நிரலுக்குக் கெர்னல் அனுப்பும் சிக்னல் என்ற அறிவிப்பு ஒன்று குறுக்கிட்டாலோ, அனுப்புவதற்குக் கால வரம்பு வைத்திருந்தாலோ பாதியில் திரும்பலாம். காத்திருக்காத வகைச் சாக்கெட்டில் இது அன்றாட நிகழ்வு.

எனவே 'சென்ட்' எப்போதும் ஒரு மடக்குக்குள்தான் இருக்க வேண்டும். 'அனுப்பியது' என்ற மாறியை 0 என்று தொடங்குங்கள். அது மொத்த அளவைவிடக் குறைவாக இருக்கும்வரை, சுட்டியை அந்த அளவு நகர்த்தி, மீதியுள்ள பைட்டுகளை மட்டும் 'சென்ட்'டிடம் கொடுங்கள். திரும்பிய எண்ணை 'அனுப்பியது' உடன் கூட்டுங்கள். -1 வந்தால், பிழையின் காரணத்தைச் சொல்லும் எர்நோவைப் பாருங்கள். சிக்னல் குறுக்கிட்டதைச் சொல்லும் ஈஇன்டர் என்றால் மீண்டும் முயலுங்கள். இப்போது இடமில்லை என்று மட்டும் சொல்லும் ஈஅகெய்ன் பற்றிப் பின்னால் பார்ப்போம். வேறு எதுவாக இருந்தாலும் இணைப்பு போய்விட்டது என்று கொண்டு வெளியேறுங்கள். மடக்கு முழுவதும் பத்து வரிதான். 'முழுதும் அனுப்பு' என்று அதற்கு ஒரு பெயர் வைத்து எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. திரும்பும் எண்ணைக் குறியுள்ள வகையான எஸ்சைஸ்-டி மாறியில் வாங்குங்கள். குறியில்லாத சைஸ்-டி மாறியில் வாங்கினால் -1 என்பது மாபெரும் எண்ணாக மாறிவிடும். 'சுழியத்தைவிடக் குறைவா' என்ற சோதனை ஒருபோதும் உண்மையாகாது.

இரண்டு முறை 'சென்ட்' செய்தேன். மறுமுனையில் ஒரே 'ரிசீவ்' அழைப்பில் இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஏன்?

டிசிபி ஒரு பைட் ஓட்டம் என்பதால். 1981 செப்டம்பரில் வெளியான அதன் வரையறையிலும், 2022 ஆகஸ்டில் அதைப் புதுப்பித்து வந்த வரையறையிலும் செய்தி எல்லை என்ற ஒன்றே கிடையாது. அது தரும் உறுதி இரண்டுதான்: அனுப்பிய வரிசையிலேயே பைட்டுகள் வரும், நடுவில் எதுவும் விடுபடாது. தொட்டியில் குடம் குடமாக ஊற்றுகிறீர்கள். குழாயின் மறுமுனையில் பிடிப்பவருக்கு எந்தக் குடத்துத் தண்ணீர் எங்கே முடிந்தது என்று எப்படித் தெரியும்?

ஒட்டிக்கொண்டு வருவதைப் போலவே உடைந்தும் வரும். 'ரிசீவ்' 10 பைட்டுடன் திரும்பினால் உங்கள் கையில் இருப்பது 'வணக' என்ற மூன்று குறியீடுகளும் நான்காவதன் முதல் பைட்டான 224-உம். அதை அப்படியே அச்சிட்டால் கடைசியில் ஒரு வினாக்குறிக் கட்டம் தோன்றும். மூன்றின் மடங்காக வெட்டுப்பட்டாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். ஒன்பதாவது பைட்டில் வெட்டினால் 'க்' என்பதன் புள்ளி அடுத்த துண்டுக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் அனுப்பிப் பார்த்தவருக்கு இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. தமிழ் அனுப்பினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சோதனைக்குத் தமிழ்ச் சொல்லை எடுக்கச் சொல்வது அதனால்தான்.

ஒரே கணினிக்குள் அனுப்பிப் பெறும்போது இது பெரும்பாலும் நடக்காது. நான் எழுதிய ஒரு நிரல் என் மேசையில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. வேறு ஊரிலிருந்த கணினியோடு பேச வைத்த முதல் நாளே உடைந்தது. தவறு முதல் நாளிலிருந்தே அதில் இருந்திருக்கிறது.

அப்படியானால் செய்தியின் எல்லையை எப்படிக் காட்டுவது?

இரண்டு வழிகள் நிலைபெற்றிருக்கின்றன. ஒன்று, முடிவுக் குறி: ஒவ்வொரு செய்தியும் புதுவரிக் குறியில் முடியும் என்று பேசிக்கொள்வது. மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையில், தனி வரியில் ஒற்றைப் புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று பொருள். கண்ணால் படிக்க இது எளிது. ஆனால் முடிவுக் குறி தரவுக்குள்ளேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று தனியாக விதி வகுக்க வேண்டும். எஸ்எம்டிபியும் அதற்கென ஒரு விதி வைத்திருக்கிறது: புள்ளியில் தொடங்கும் வரிக்கு முன்னால் இன்னொரு புள்ளி சேர்க்க வேண்டும்.

மற்றொன்று, நீளத்தை முன்னால் அனுப்புவது. முதல் 4 பைட்டில் 21 என்ற எண், அதன்பின் 21 பைட் தரவு. எனக்கு இதுதான் பிடித்தது. தரவுக்குள் எது இருந்தாலும் கவலையில்லை, எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பெறும் பக்கத்தில் 'முழுதும் பெறு' என்று ஒரு செயற்கூறு எழுதுங்கள். கேட்ட பைட்டுகள் சேரும்வரை 'ரிசீவ்' அழைக்கும் மடக்கு அது. முதலில் 4 பைட்டுக்கு ஒருமுறை, பிறகு அந்த 4 பைட் சொன்ன அளவுக்கு ஒருமுறை அதை அழையுங்கள். 'ரிசீவ்' 0 தந்தால் மறுமுனை அனுப்புவதை முடித்துக்கொண்டது என்று பொருள். செய்தியின் நடுவில் 0 வந்தால் அந்தச் செய்தி அரைகுறை, அதைப் பயன்படுத்தக் கூடாது.

நீளம் 21 என்று அனுப்பினேன். மறுமுனை 35,23,21,536 பைட் வருகிறது என்று காத்திருக்கிறது!

பைட் வரிசையை மாற்றாமல் அனுப்பிவிட்டீர்கள். 21 என்ற எண்ணை இன்டெல் வகைக் கணினி நினைவகத்தில் 21, 0, 0, 0 என்று சிறிய பகுதி முன்னால் வரும்படி வைக்கிறது. இணைய நெறிமுறைகளின் வழக்கமோ 0, 0, 0, 21. பெரிய பகுதிதான் முன்னால். மறுமுனை நிரல் வழக்கப்படி படித்தது. 21-ஐ 1,67,77,216-ஆல் பெருக்கிய எண் அதற்குக் கிடைத்தது.

இந்த இரு முறைகளுக்கும் 'லிட்டில் எண்டியன்', 'பிக் எண்டியன்' என்று கணினி உலகில் பெயரிட்டவர் டேனி கோஹன், 1980-இல். எது சிறந்தது என்ற வாதம் பயனற்றது, எல்லோரும் ஒன்றில் உடன்பட்டால் போதும் என்பதே அவருடைய வேண்டுகோள்.

பைட் வரிசையை மாற்ற, அனுப்பும் முன் எச்டிஓஎன்எல், பெற்ற பின் என்டிஓஎச்எல் என்ற செயற்கூறுகளை அழையுங்கள். 16 பிட் எண்ணுக்கு இவற்றின் கடைசி எழுத்து எஸ். இரண்டு பக்கமும் ஒரே வகைக் கணினி என்றால் இவை இல்லாமலும் ஓடும், ஆனால் நம்பி விடாதீர்கள். எனக்கு இன்னும் தெளிவாகத் தோன்றுவது கையால் பிரிப்பது: எண்ணை 24, 16, 8, 0 பிட் வலப்புறம் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கடைசி 8 பிட்டை எடுத்து வரிசையாக அணியில் வையுங்கள். எந்தக் கணினியிலும் ஒரே விடை தரும். 64 பிட் எண்ணுக்கும் இதே வழி.

ஸ்ட்ரக்ட் ஒன்றை அப்படியே 'சென்ட்'டில் கொடுக்கலாமா? ஒரே வரியில் வேலை முடிந்துவிடுமே?

வேண்டாம். ஒரு கேர், ஒரு இன்ட் உள்ள ஸ்ட்ரக்ட் 5 பைட் என்று நினைப்போம். பெரும்பாலான கம்பைலர்களில் அது 8. இன்ட் நான்கின் மடங்கான முகவரியில் தொடங்க வேண்டும் என்று கம்பைலர் நடுவில் 3 பைட் வெற்றிடம் விடுகிறது. வேறு கம்பைலர், வேறு கணினி என்றால் இந்த இடைவெளி மாறலாம். லாங் என்ற வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். உள்ளே ஒரு சுட்டி இருந்தால் போகப்போவது முகவரி எண் மட்டுமே. உங்கள் வீட்டு அலமாரியின் எண்ணை அடுத்த ஊர்க்காரருக்கு எழுதி அனுப்பினால் அவருக்கு அதிலுள்ள புத்தகம் கிடைத்துவிடாது.

இன்னொன்றும் உண்டு. அந்த 3 பைட் வெற்றிடத்தில் நினைவகத்தில் முன்பு கிடந்த ஏதோ ஒன்று இருக்கும். அது கடவுச்சொல்லின் துண்டாகவும் இருக்கலாம். புலம் புலமாக எடுத்து, அளவு உறுதியான வகைகளில், பைட் வரிசை மாற்றி அணியில் வைத்து அனுப்புங்கள்.

மறுமுனை சொல்லும் நீளத்தை நம்பலாமா?

ஒருபோதும் கூடாது. 2014 ஏப்ரலில் உலகையே உலுக்கிய 'ஹார்ட்பிளீட்' ஓட்டை இந்த ஒரு நம்பிக்கையால் வந்தது. பாதுகாப்பான இணைப்புக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், "நீ உயிரோடு இருக்கிறாயா என்று பார்க்க இந்தத் தரவைத் திருப்பி அனுப்பு" என்று கேட்கும் ஒரு சிறு வசதி இருந்தது. கேட்பவர் தரவின் நீளத்தையும் சொல்வார். ஒரே பைட் அனுப்பிவிட்டு 65,535 என்று பொய் சொன்னாலும் சர்வர் அதைச் சரிபார்க்கவில்லை. தன் நினைவகத்திலிருந்து அவ்வளவையும் படியெடுத்து அனுப்பியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஏறக்குறைய 64 கிலோபைட் ரகசியம் கசிந்தது. கடவுச்சொற்கள், தனிச் சாவிகள் எல்லாம் அதில் போகக்கூடியவை.

அதற்கு முன்பே 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு, பெறும் பக்கத்தின் அலட்சியத்தைப் பயன்படுத்தியது. 'ஃபிங்கர்' சேவை வரும் வரியை 512 பைட் அணியில் அளவு பார்க்காமல் வாங்கிக்கொண்டிருந்தது. அதைச் செய்த 'கெட்ஸ்' செயற்கூறு சி மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

உங்கள் நெறிமுறையில் ஒரு செய்தி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1 மெகாபைட் என்று வைத்தால், அதற்கு மேல் சொல்லும் இணைப்பை உடனே மூடுங்கள். சோதித்த பிறகுதான் நினைவகம் ஒதுக்கும் மாலாக். இந்தச் சோதனை இருந்திருந்தால் முன் கேள்வியில் 35 கோடி பைட்டுக்குக் காத்திருந்த நிரலும் தவறை அந்தக் கணமே சொல்லியிருக்கும்.

சர்வர் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் திடீரென நின்றுவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் சிக்பைப். மறுமுனை இணைப்பை மூடிய பிறகும் நீங்கள் அனுப்பிக்கொண்டிருந்தால் கெர்னல் இந்தச் சிக்னலை அனுப்பும். நீங்கள் எதுவும் ஏற்பாடு செய்யாவிட்டால் நிரல் அங்கேயே இறந்துவிடும். ஒரு கிளையன்ட் ஜன்னலை மூடியதற்காக மற்ற எல்லோருக்குமான சர்வர் விழுவது எவ்வளவு அநியாயம்!

முன்பு சொன்ன சிறப்புக் குறி இங்கேதான் வருகிறது. 'சென்ட்'டின் நான்காவது இடத்தில் எம்எஸ்ஜி-நோசிக்னல் கொடுத்தால் சிக்னல் வராது, -1 வரும், எர்நோவில் ஈபைப் இருக்கும். மேக் கணினிகளில் சாக்கெட்டுக்கே எஸ்ஓ-நோசிக்பைப் என்ற அமைப்பு உண்டு. நிரலின் தொடக்கத்தில் சிக்பைப்பைப் புறக்கணிக்கச் சொல்வதும் சரியான வழிதான்.

மூடப்பட்ட இணைப்பில் முதல் 'சென்ட்' வெற்றி என்று சொல்லி இரண்டாவதுதான் பிழை தரும் என்பதையும் பார்ப்பீர்கள். முதலாவது தபால் பெட்டியில் விழுந்தது. "இங்கே யாரும் இல்லை" என்ற பதில் அதற்குத்தான் வந்தது, நமக்குத் தெரிவது அடுத்த முறை போகும்போது.

சின்னச் சின்னச் செய்திகள்தான் அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் 40 மில்லிவிநாடி தாமதமாகிறது. வலைப்பின்னல் மெதுவா?

வலைப்பின்னல் மேல் குற்றமில்லை. நல்ல எண்ணத்தில் செய்யப்பட்ட இரண்டு ஏற்பாடுகள் மோதிக்கொள்கின்றன.

1984 ஜனவரியில் ஜான் நேகிள் ஒரு சிக்கலை விவரித்தார். தொலைமுனையத்தில் ஒருவர் ஓர் எழுத்தைத் தட்டினால் 1 பைட் தரவுக்கு 40 பைட் தலைப்பு சேர்ந்து 41 பைட் பாக்கெட் போகிறது. அன்றைய மெதுவான கம்பிகளை இது அடைத்தது. அவர் தந்த தீர்வு: முன்பு அனுப்பியதற்கு ஒப்புகை வராத நிலையில், சிறு துண்டுகளை உடனே அனுப்பாமல் சேர்த்து வை, ஒப்புகை வந்ததும் மொத்தமாக அனுப்பு. இன்றும் டிசிபியில் இது இயல்பாகவே இயங்குகிறது.

மறுமுனையிலோ, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனியாக ஒப்புகை அனுப்புவது வீண் என்று சற்றுத் தாமதிக்கும் வழக்கம் உண்டு. லினக்ஸில் அந்தத் தாமதம் 40 மில்லிவிநாடியில் தொடங்குகிறது. இப்போது நீங்கள் 4 பைட் நீளத்தை ஒரு 'சென்ட்'டிலும் 21 பைட் தரவை இன்னொரு 'சென்ட்'டிலும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள். நீளம் போய்விட்டது. தரவு, நீளத்துக்கான ஒப்புகைக்காகக் காத்திருக்கிறது. மறுமுனையோ தரவும் வரட்டும் என்று ஒப்புகையைத் தாமதிக்கிறது. இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பலரும் உடனே டிசிபி-நோடிலே என்ற அமைப்பைப் போட்டு நேகிள் முறையை அணைத்துவிடுகிறார்கள். தாமதம் போய்விடும், ஆனால் இரண்டு பாக்கெட் போகும். முதலில் நீளத்தையும் தரவையும் ஒரே அணியில் சேர்த்து 25 பைட்டாக ஒரே 'சென்ட்'டில் கொடுங்கள், அல்லது இரண்டு துண்டுகளை ஒரே அழைப்பில் ஏற்கும் 'ரைட்-வி' பயன்படுத்துங்கள். விசைத்தட்டல், விளையாட்டு போல ஒவ்வொரு சிறு செய்தியும் உடனே போயாக வேண்டிய இடங்களில் நோடிலே போடுவதில் தவறில்லை.

இரண்டு நிரல்களும் உறைந்து நிற்கின்றன. இரண்டுமே 'சென்ட்'டில் நிற்கின்றன. எப்படிச் சாத்தியம்?

இருவரும் பேசுகிறார்கள், யாரும் கேட்கவில்லை. உங்கள் நிரல் பெரிய கோப்பை அனுப்புகிறது. மறுமுனையும் அதே நேரம் பெரிய பதிலை அனுப்பத் தொடங்கி, படிப்பதை நிறுத்திவிட்டது. இரு பக்கமும் பெறும் பஃபர் நிரம்பியது. அதனால் அனுப்பும் பஃபரும் நிரம்பியது. இனி யாராவது படித்தால்தான் இடம் கிடைக்கும். இருவருமே 'சென்ட்' திரும்பட்டும், பிறகு படிக்கலாம் என்று இருக்கிறார்கள். சிறு தரவில் பஃபரே எல்லாவற்றையும் விழுங்கிவிடுவதால் சோதனையில் தெரியாது.

தீர்வு, காத்திருக்காத சாக்கெட்டும் 'போல்' என்ற செயற்கூறும். எந்தச் சாக்கெட்டில் படிக்கத் தரவு இருக்கிறது, எதில் எழுத இடம் இருக்கிறது என்று அது சொல்லும். 'சென்ட்' -1 தந்து எர்நோவில் ஈஅகெய்ன் இருந்தால் "இப்போது இடமில்லை" என்று மட்டுமே பொருள். மீதியை வைத்துக்கொண்டு, எழுதலாம் என்று 'போல்' சொல்லும்போது தொடருங்கள். இதே வேலையைச் செய்யும் பழைய 'செலக்ட்' 1,023-க்கு மேற்பட்ட சாக்கெட் எண்களைக் கையாளாது. ஆயிரக்கணக்கான இணைப்புகள் என்றால் லினக்ஸின் 'ஈபோல்' பக்கம் போகலாம்.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு 'குளோஸ்' செய்தேன். கடைசிப் பகுதி மறுமுனைக்குக் கிடைக்கவில்லை.

மறுமுனை உங்களுக்கு அனுப்பிய ஏதோ ஒன்றை நீங்கள் படிக்காமலே மூடியிருப்பீர்கள். படிக்காத தரவு பஃபரில் இருக்கும்போது 'குளோஸ்' செய்தால் லினக்ஸ் இணைப்பை முறையாக முடிக்காமல் முறித்துவிடுகிறது. முறிவுச் செய்தி போய்ச் சேர்ந்ததும், மறுமுனை இன்னும் படிக்காமல் வைத்திருந்த உங்கள் கடைசி பைட்டுகளும் அழியலாம்.

முறையான விடைபெறல் இப்படி: அனுப்பி முடித்ததும் 'ஷட்டவுன்' அழைத்து எழுதும் திசையை மட்டும் மூடுங்கள். அப்போது மறுமுனையின் 'ரிசீவ்' எல்லாவற்றையும் தந்த பிறகு 0 தரும். நீங்கள் தொடர்ந்து படித்துக்கொண்டிருங்கள். உங்களுக்கும் 0 வந்ததும் 'குளோஸ்'. மறுமுனை பதிலே தராமல் இழுத்தடித்தால் என்ன செய்வது என்று கால வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வரை நிறுத்தி உடனே ஓட்டினால் "முகவரி பயன்பாட்டில் உள்ளது" என்கிறது.

பழைய இணைப்புகளின் தாமதமான பாக்கெட்டுகள் புதியவற்றில் கலக்காமலிருக்க லினக்ஸ் 60 விநாடி காத்திருக்கிறது. சாக்கெட்டை ஒரு முகவரியோடு இணைக்கும் 'பைண்ட்' அழைக்கும் முன், எஸ்ஓ-ரீயூஸ்அட்ர் என்ற அமைப்பைப் போடுங்கள்.

யுடிபியில் இந்தத் தொல்லைகள் இல்லையாமே?

யுடிபி என்பது டிசிபிக்குப் பதிலாகத் தரவைத் தனித்தனிச் செய்திகளாக அனுப்பும் முறை. அதில் செய்தியின் எல்லை காக்கப்படும். ஒரு 'சென்ட்-டு' ஒரு 'ரிசீவ்-ஃப்ரம்'. ஆனால் தொலையலாம், வரிசை மாறலாம், இருமுறையும் வரலாம். ஐபிவி4-இல் ஒரு செய்தி அதிகபட்சம் 65,507 பைட். ஈதர்நெட்டில் உடையாமல் போக வேண்டுமானால் 1,472. பெறும் அணி சிறிதாக இருந்தால் மீதி அழிந்துவிடும், அடுத்த அழைப்பில் வராது. பேச்சு, நேரலை போன்று பழைய துண்டு வந்தும் பயனில்லாத இடங்களுக்கு அது பொருத்தம்.

விண்டோஸில் இதே நிரல் ஓடுமா?

சிறு மாற்றங்களோடு ஓடும். முதலில் டபிள்யுஎஸ்ஏ-ஸ்டார்ட்அப் அழைக்க வேண்டும். மூடுவதற்கு 'குளோஸ்சாக்கெட்', பிழைக்கு எர்நோவுக்குப் பதில் டபிள்யுஎஸ்ஏ-கெட்லாஸ்ட்எரர். சாக்கெட்டில் 'ரைட்' அங்கே வேலை செய்யாது. சிக்பைப் கிடையாது.

என் நிரல் சரியாக இருக்கிறது என்று எப்படிச் சோதிப்பது?

'எஸ்ட்ரேஸ்' வழியாக ஓட்டினால் ஒவ்வொரு 'சென்ட்'டும் எத்தனை பைட் கொடுத்து எத்தனை திரும்பப் பெற்றது என்று கண்ணெதிரே தெரியும். கம்பியில் உண்மையில் என்ன போகிறது என்று பார்க்க 'டிசிபிடம்ப்' அல்லது 'வயர்ஷார்க்'. தமிழ் போகிறதா என்று அதில் தேட எளிய அடையாளம் உண்டு: தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 224-இல் தொடங்கும், இரண்டாம் பைட் 174 அல்லது 175.

அதன்பின் வேண்டுமென்றே கொடுமையாக அனுப்பும் ஒரு சிறு கிளையன்ட் எழுதுங்கள். டிசிபி-நோடிலே போட்டு, விநாடிக்கு ஒரு பைட் வீதம் நீளத்தையும் "வணக்கம்" என்பதையும் அது அனுப்பட்டும். மொத்தம் 25 பைட். சர்வர் அதுவரை எதையும் அச்சிடாமல் இருந்து, கடைசி பைட் வந்ததும் முழுச் சொல்லையும் ஒரே முறை அச்சிட வேண்டும். அடுத்து, நாற்பது "வணக்கம்" செய்திகளை ஒரே 'சென்ட்'டில் சேர்த்து 1,000 பைட்டாக அனுப்புங்கள். நாற்பது வரிகள் வர வேண்டும். மூன்றாவதாக, 21 என்று சொல்லிவிட்டு 10 பைட்டோடு இணைப்பை மூடுங்கள். சர்வர் எதையும் அச்சிடாமல், விழாமல், அடுத்த கிளையன்டுக்குக் காத்திருக்க வேண்டும்.